வலப்பக்கம் சிவப்புக் கூரை

"மிஸ், ஒரு சந்தேகம். வானத்துல டிராஃபிக் போலீஸ் இருக்கா?"

அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு வெளியே, தன் ஆட்டோவின் முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தபடி கேட்டான் தயாபரன். பனிமூட்டம் ரோட்டைக் கடந்து கடைகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. எதிர்ப்புறத்து ரொட்டிக் கடைக்காரர் பட்டப்பகலில் விளக்குப் போட்டிருந்தார்.

பின்சீட்டில் இருந்த மர்லியா பிளாஸ்கைத் திறந்து இஞ்சி பிளேன்டீயை மூடியில் ஊற்றினார்.

"போலீஸ் இல்ல தயா. கட்டுப்பாட்டாளர். கோபுரத்துலயோ ராடர் முன்னாலயோ உட்கார்ந்து ரேடியோவில பேசுவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே? கையக் காட்டினா நிக்கணும்."

"மலைக்கு மேல ஒரு விமானம் எப்படி நிக்கும்?"

"அதைத்தாங்க நானும் கேக்கிறேன்."

தூறல் விழ ஆரம்பித்தது. மர்லியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வரும் போல."

"வரட்டும் மிஸ். எங்க தோட்டத்து லயத்துல இப்ப மழையோட சத்தம் மட்டும்தான் உள்ள வரலாம். தண்ணிக்கு பர்மிசன் இல்ல. எங்கப்பா தோட்டத்துத் தொரை ஆபிஸ் வாசல்ல தவம் கெடந்து கூரைத் தகரம் வாங்கிட்டாரு. ஆணியும் வாஷரும் நான்தான் பஸ்ல அனுப்பினேன்."

"நீ போய்ப் பாக்கலையா?"

"நீங்க லீவு குடுத்தாத்தானே!"

மர்லியா சிரிக்கவில்லை. இந்த வழக்கை எடுத்த நாளிலிருந்தே அவர் சிரிப்பது குறைந்திருந்தது. காப்புறுதிக் கம்பனியில் பல வருடம் புலனாய்வு பார்த்துவிட்டு, பண்டாரவளையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே சின்னதாக அலுவலகம் போட்டவர் அவர். எரிந்த கடை, காணாமற்போன லொறி என்று எத்தனையோ பார்த்திருக்கிறார். அங்கெல்லாம் யாராவது பொய் சொல்லியிருப்பார்கள். அவனைப் பிடித்தால் வேலை முடிந்தது. இந்த வழக்கில் பிடிப்பதற்கு ஒருவரும் இல்லை.

இறந்தவன் பெயர் ஸப்ரான். பதுளைப் பையன். வணிக விமானி உரிமம் எடுப்பதற்காக வாடகைக்கு இரண்டு சீட் விமானம் எடுத்து, பறந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தவன். வானம் தெளிவாக இருந்தால் கீழ்நாட்டிலிருந்து தனியாகக் கிளம்பி வருவான். மலைமுகட்டைத் தாண்டிப் பதுளைக்கு மேலே ஒரு வட்டம் அடிப்பான். மொட்டை மாடியில் அவனுடைய உம்மா லரீபா மஞ்சள் துப்பட்டியை வீசிக் காட்டுவார். திரும்பிப் போய்விடுவான். போன மாதம் அப்படி வந்தபோது, நெல்லிமலைத் தோட்டத்துக்கு மேலே பானைப் பள்ளம் என்கிற இடத்தில் விமானம் மலையில் மோதியது.

பத்திரிகைகள் அவனுடைய கடைசி வார்த்தைகளைக் கொட்டை எழுத்தில் போட்டன: "இனிச் சேவை தேவையில்லை. நன்றி."

அதற்கு முந்திய வாரம்தான் அவனுடைய கல்யாணப் பேச்சு முறிந்திருந்தது. ஊர் இரண்டையும் சேர்த்துத் தற்கொலை என்று முடிச்சுப் போட்டது.

லரீபா மர்லியாவிடம் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தயாபரனும் அப்போது பக்கத்தில்தான் நின்றான். "யார் பிழையெண்டு கேக்கல்ல மகள். அவன் தானாப் போனானா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் செல்லுங்க. அவனுக்காகக் கையேந்தினா வார்த்தை வருதில்ல. அழக்கூடப் பயமா இரிக்கு. ஏன் அழுறாண்டு பக்கத்து வீட்டுல காது குடுத்துக்கிட்டு இரிக்காங்க."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். மலையிலிருந்து மகனைத் தூக்கி வந்தவர்கள் ஒரு கம்பளியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்களாம். ஆஸ்பத்திரியில் அதையும் கொடுத்துவிட்டார்கள். துவைத்து மடித்து வைத்திருக்கிறார். யாருடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அது யாருடையதென்று தயாபரனுக்குத் தெரியும். நெல்லிமலைத் தோட்டத்தில் இருக்கும் அவனுடைய அப்பா வீரய்யாவுடையது. சத்தம் கேட்டு முதலில் மேலே ஓடியவர் அவர்தான். அன்றைக்கு ஏனோ அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ரயில் வந்து நின்றது. கூட்டம் கரைந்த பிறகு, தோளில் ஒற்றைப் பையோடு ஒல்லியான ஒருவன் வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மர்லியா மிஸ்?"

"ஏறுங்க ஸியாம்."

அன்று ஸப்ரானோடு ரேடியோவில் பேசிய கட்டுப்பாட்டாளர் அவன். வெலிமடையில் பிறந்தவன். விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மர்லியா போனில் கூப்பிட்டபோது, காரணம்கூடக் கேட்காமல் வருகிறேன் என்றிருந்தான்.

ஆட்டோ நெல்லிமலை ரோட்டில் ஏறியது.

"ஒலிப்பதிவைக் கொண்டுவர முடியாது மிஸ். விசாரணையில இருக்கு," என்றான் ஸியாம். "ஆனா எனக்கு அது மனப்பாடம்."

"முதல்ல எனக்கு ஒண்ணு விளங்கணும். அவன் உங்களோட பேசணும்னு கட்டாயமா?"

"எல்லா இடத்திலயும் இல்ல. அவன் பறந்தது கண்ணால பார்த்துப் பறக்கிற விதியில. மலை, ரோடு, ஆறு, கட்டடம், இதையெல்லாம் பார்த்து வழி பிடிச்சுப் போறது. கேட்டா நாங்க உதவி செய்வோம். பக்கத்துல வேற விமானம் வருதா, முன்னால வானிலை எப்படி, எந்தப் பக்கம் போறான், எல்லாம் சொல்லுவோம். ஆனா மேகத்துக்குள்ள போகாம இருக்கிறதும் மலையில முட்டாம இருக்கிறதும் அவன் பொறுப்பு. அவன் கண்தான் முதல் கண். நாங்க ரெண்டாவது."

"விளங்கிச்சு," என்றான் தயாபரன் முன்னாலிருந்து. "எங்க மிஸ் பின்னாடி இருந்து பஸ் வருது, மாடு வருதுன்னு கத்துற மாதிரி."

"ஆமா. ஆனா ஹேண்டில் உங்க கையில."

"அதையும் எட்டிப் பிடிப்பாங்க, நீங்க பாத்ததில்ல."

ஸியாமின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"கடைசியா என்ன பேசினீங்க?" என்றார் மர்லியா.

"மலைப்பக்கம் மேகம் இறங்குதுன்னு சொன்னேன். எந்த இடத்துல இருக்கீங்க, உறுதிப்படுத்துங்கன்னு கேட்டேன். 'வலப்பக்கம் சிவப்புக் கூரை தெரியுது. தொழிற்சாலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்புறேன். இனிச் சேவை தேவையில்லை. நன்றி' அப்படின்னான். நான் சரின்னேன்."

"சிவப்புக் கூரை பத்திரிகையில வரலையே!"

"கடைசி வரி மட்டும்தான் போட்டாங்க."

மர்லியா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் அப்படி ஏற்றினால் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று தயாபரனுக்குத் தெரியும்.

"அதுக்கு முந்தின தடவை வந்தப்ப என்ன சொன்னான்?"

"அதேதான் மிஸ். சேவை தேவையில்லை, நன்றி."

"அதுக்கும் முந்தி?"

"அதே இடம், அதே வார்த்தை."

"அப்ப ஒவ்வொரு தடவையும் சாகப் போனானா?"

ஸியாம் சட்டென்று அவர் பக்கம் திரும்பினான்.

"ஏன் அப்படிச் சொல்லுவான்?" என்றார் மர்லியா.

"அந்த முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கினா மலை மறைச்சிரும். ரேடியோ எட்டாது, ராடருக்கும் தெரியாது. எங்ககிட்ட விடைபெறாம திடீர்னு பேச்சு நின்னுட்டா, ஆபத்துன்னு நெனைச்சு நாங்க தேட ஆள் அனுப்புவோம். அந்தக் கலவரம் வேணாம்னுதான் முன்கூட்டியே சொல்லிட்டுப் போவான். நல்ல பழக்கம். நிறையப் பேர் அதைக்கூடச் செய்ய மாட்டாங்க."

"மரியாதைக்குச் சொன்ன நன்றி. ஊர் அதை மரண வாக்குமூலமா மாத்திடுச்சு."

"இதை நான் விசாரணையிலயும் சொன்னேன் மிஸ். அவங்க எழுதிக்கிட்டாங்க. பத்திரிகைக்காரங்க யாரும் வந்து கேக்கல." அவன் வெளியே பார்த்துக்கொண்டான். "நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்ல. குரல் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பேப்பர்லதான் பார்த்தேன்."



ஒரு வளைவில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மர்லியா வண்டியை நிறுத்தச் சொன்னார். விமானம் போன அன்று மேலே கொழுந்து பறித்தவர்கள் யார் என்று தயாபரன் விசாரித்தான். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் பாக்கலீங்க, ஒரே மேகம். சத்தம்தான் கேட்டேன். மொதல்ல சாதாரணமாத்தான் போச்சு. அப்புறம் ஊன்னு சத்தம் கூடிச்சு. காது அடைக்கிற மாதிரி. அப்புறம்…" கையை விரித்தாள். "மலையப் பாத்து வேகமாப் போனதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

ஆட்டோ மறுபடி கிளம்பியது. ரோடு செங்குத்தாக ஏறியது. வண்டி முக்கி முனகி அலறியது.

"மிஸ்," என்றான் தயாபரன் மெதுவாக. "என் வண்டி எப்ப இப்படிக் கத்தும்?"

"ஏத்தத்துல."

"எறக்கத்துல?"

மர்லியா அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தாது."

"மோதணும்னு வந்தவன் எதுக்குங்க அந்தக் கத்துக் கத்தணும்? சும்மா விட்டாலே போதுமே."

ஸியாம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "முழு விசையும் கொடுத்திருக்கான். மலை முன்னால தெரிஞ்சதும் மேலே ஏறப் பார்த்திருக்கான்."

"அப்ப அவனுக்கு வாழணும்னு இருந்திருக்கு," என்றார் மர்லியா. "ஆனா இது போதாது. நாளைக்கே யாராவது சொல்லுவான், கடைசி நிமிசத்துல மனசு மாறினான்னு. எத்தனையோ தடவை வந்துபோன வழி. பானைப் பள்ளத்துக்கு ஒரே ஒரு வாய்தான், மூணு பக்கமும் மலை. அது தெரிஞ்சவன் ஏன் அதுக்குள்ள போனான்? இதுக்குப் பதில் இல்லாம உம்மா முன்னால போய் நிக்க ஏலாது. தயா, அவன் பார்த்த கூரையை நாமளும் பார்ப்போம். தொழிற்சாலைக்கு விடு."

தொழிற்சாலை முற்றத்தில் தேயிலை வாடும் வாசனை கனத்து நின்றது. தயாபரன் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த கட்டடம். மலையில் எங்கிருந்து பார்த்தாலும் இரத்தப் பொட்டு மாதிரி தெரியும் கூரை.

கூரை பச்சையாக இருந்தது.

"பச்சை மலையில பச்சைக் கூரை," என்றான். "யாருக்குப் பயந்து ஒளியிறாங்க?"

மர்லியா வண்டியை விட்டு இறங்கினார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்குப் போயிருந்தது. வாசல் காவல்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தயாபரனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அடடே, வீரய்யா கங்காணி மகனா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அண்ணே, இது எப்ப பச்சையாச்சு?"

"மழை தொடங்குறதுக்கு முந்திதான். புதுக் கம்பனிக்காரங்க மாத்தினாங்க. அவங்க தோட்டமெல்லாம் இந்த நெறந்தான் போல."

"அந்த விமானம் விழுறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்றார் மர்லியா.

"முந்திங்கம்மா. நல்லா முந்தி."

ஸியாம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மழை தொடங்கினதுக்கு அப்புறம் அவன் இந்தப் பக்கம் வந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. அப்ப அவனுக்கு இது கண்ணுல பட்டிருக்காது. பச்சையோட பச்சையாப் போயிருக்கும். ஆனா சிவப்புக் கூரை தெரியுதுன்னு சொன்னானே! சந்தோஷமாச் சொன்னானே!"

"பொய் சொல்லல," என்றார் மர்லியா. "எதையோ பார்த்திருக்கான்." காவல்காரரிடம் திரும்பினார். "பழைய தகரமெல்லாம் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் தயாபரனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆணி. வாஷர். பஸ்ஸில் அனுப்பிய பார்சல். அப்பா போனில் சொன்னது: நல்ல தடிப்பான தகரம்டா, வெள்ளக்காரன் காலத்துச் சாமான்.

காவல்காரர் பெருமையாகச் சிரித்தார். "ஏலத்துல விக்கத்தான் பாத்தாங்க. நம்ம கங்காணி விட்டாரா? கீழ்ப்பிரிவு லயம் ஒழுகி ஒழுகி புள்ளைங்க சட்டி வச்சுத் தூங்குதுங்கன்னு தொரை வாசல்லயே நின்னு வாங்கிட்டாரு. அந்தக் கெழமையே ஒரு லயம் முழுக்கப் போட்டாச்சு. உங்கப்பா உனக்குச் சொல்லலையா?"

"சொன்னாரு," என்றான் தயாபரன். "நெறத்தைச் சொல்லல."

கீழ்ப்பிரிவுக்குப் போகும் ரோட்டில் ஒரு முடக்கு வளைவு இருக்கிறது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரியும். தயாபரன் வண்டியை நிறுத்தினான். மூவரும் இறங்கினார்கள். மலைகளின் தலையை மேகம் மூடியிருந்தது. எல்லா மலையும் ஒரே மலை போல இருந்தது. கீழே, தேயிலைப் பச்சைக்கு நடுவே, நீளமாக, சிவப்பாக ஒரே ஒரு கோடு.

பத்துக் குடும்பம் ஒட்டி ஒட்டி வாழும் லயம். ஒரே முகடு, ஒரே கூரை.

"மேலேயிருந்து பார்த்தா கதவு தெரியாது, ஜன்னல் தெரியாது," என்றான் ஸியாம். "ஆள் தெரியாது. நீளமா ஒரு சிவப்புக் கூரை, பக்கத்துல ஒரு ரோடு. இதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினா…"

மூவரும் இடப்பக்கம் பார்த்தார்கள். லயத்தைத் தாண்டியதும் மலை பிளந்து ஒரு வாசல் மாதிரி இருந்தது. உள்ளே வெள்ளையாக மேகம் குந்தியிருந்தது. பானைப் பள்ளம்.

தொழிற்சாலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தெமோதரைப் பக்கம் போகும் கணவாய். அதுதான் அவன் போக நினைத்த வழி. கூரை ஒரு பள்ளத்தாக்கு முன்னால் வந்துவிட்டது. அவனும் ஒரு பள்ளத்தாக்கு முன்னால் திரும்பிவிட்டான்.

"வழி தெரியாதவன்னா இதுல மாட்டியிருக்க மாட்டான்," என்றார் மர்லியா. "வழி தெரிஞ்சதாலதான் மாட்டினான்."

ஒரு துளி தண்ணீர் உள்ளே வராமல் நூற்றுக்கணக்கான தகரங்களை அடித்து இறுக்கிய ஆணிகள். ஒவ்வொன்றையும் கடையில் தயாபரன்தான் பொறுக்கி எடுத்தான். மட்டமான வாஷரைக் கடைக்காரர் முகத்திலேயே எறிந்துவிட்டு நல்லதாக வாங்கினான்.

"தயா," என்று கூப்பிட்டார் மர்லியா.

"ஒண்ணுமில்ல மிஸ். குளிருது."

வண்டி பதுளையை நோக்கித் தெமோதரையைத் தாண்டியது. மர்லியாதான் ஆரம்பித்தார்.

"தகரம் எங்க போச்சுன்னு உம்மாகிட்டச் சொல்லணும்னு கட்டாயமில்ல. தொழிற்சாலையோட நிறம் மாறிச்சு, மேகத்துல இடம் தவறிட்டான். அவங்க கேட்ட கேள்விக்கு அது போதும். நீ சொல்லு, நான் அதோட நிறுத்திடுறேன்."

தயாபரன் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டான்.

"பாதியை நாம சொன்னா, மீதிப் பாதியை அந்தம்மா ஊர்வாயில கேட்டுக்கும் மிஸ். அவங்களை இந்த நெலமைக்குக் கொண்டுவந்ததே அந்தப் பாதிப் பேச்சுதானே!"

பதுளையில் லரீபாவின் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். லரீபா எதிரே சுவரோடு சாய்ந்திருந்தார். மர்லியா சுற்றி வளைக்கவில்லை.

"உம்மா, அவன் தானாப் போகல்ல. பிழை செஞ்சான். மேகம் இறங்கினதும் திரும்பியிருக்கணும். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆனா சாகப் போகல்ல. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்லிப்போன நன்றியை, ஏறப் பார்த்த இயந்திரத்தின் சத்தத்தை, பச்சையான கூரையை. அங்கே நிறுத்தித் தயாபரனைப் பார்த்தார்.

"அந்தச் செவப்புத் தகரம் எங்க லயத்துலதாங்க இருக்கு," என்றான் அவன் தரையைப் பார்த்து. "எங்கப்பாதான் கேட்டு வாங்கினாரு. ஆணி நான் வாங்கி அனுப்பினது. உங்க மகன் எங்க வீட்டைத்தான் பாத்துட்டுத் திரும்பியிருக்காரு."



"போக விட்டது நான்," என்றான் ஸியாம். "இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். வேற என்ன தெரியுதுன்னு கேட்டிருக்கலாம்."

லரீபா அவன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கடைசியாக் கதைச்சதா மகன்? கூரை தெரியுது எண்டு செல்லக்குள்ள அவன்ட குரல் எப்படி இரிந்த?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னமாதிரி இருந்திச்சு உம்மா. வந்து சேர்ந்துட்டேன்ங்கிற மாதிரி."

"அண்டைக்கும் மேல ஏறி நிண்டேன்," என்றார் லரீபா. "ஒரே மேகம். சத்தம் ஒண்டும் கேக்கல்ல. புள்ள புத்தியாத் திரும்பிப் பெய்த்திட்டான் எண்டு சந்தோஷப்பட்டுக் கீழ எறங்கினேன்."

எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் மடித்த சாம்பல் நிறக் கம்பளி இருந்தது. தயாபரன் முன்னால் நின்றார்.

"இது யார்ட தம்பி? உங்க தோட்டத்து ஆக்கள்ட தானே?"

"எங்கப்பாவோடது," என்றான் தயாபரன். "அவருதான் தூக்கிட்டு எறங்கினாரு."

லரீபா கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "நாளைக்கு என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போங்க."

தோட்டத்தில் செய்தி ஆட்டோவை விட வேகமாகப் போகும். மறுநாள் அவர்கள் கீழ்ப்பிரிவு லயத்துக்கு வந்தபோது வீரய்யா ஏணிமேல் நின்றார். கையில் ஆணி பிடுங்கும் கம்பி. ஓரத்துத் தகரம் ஒன்று ஏற்கெனவே கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. தயாபரனின் அம்மா பாக்கியலெட்சுமி வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்ட நின்று பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

"அப்பா, எறங்குங்க," என்றான் தயாபரன்.

வீரய்யா இறங்கினார். லரீபாவைப் பார்த்ததும் கம்பியைக் கீழே போட்டுக் கையைக் கூப்பினார். எழுபதைத் தொடும் மனிதர்.

"அம்மா, தெரியாதுங்கம்மா. ஒழுகுதேன்னு போட்டோம். மேல போறவங்களுக்கு இது தெரியும்னு நெனைக்கலீங்க. எல்லாத்தையும் இன்னைக்கே கழட்டிர்றேன்."

லரீபா கூரையைப் பார்த்தார். கழன்ற தகரத்தைப் பார்த்தார். வீரய்யாவின் கையில் கம்பளியை வைத்தார்.

"என்ட புள்ளைய வெறும் மண்ணுல விடாமத் தூக்கினீங்க," என்றார். "கழட்ட வேணாம். அவன் கடைசியாச் சந்தோஷமாப் பாத்த வீடு இது."

வீரய்யா கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஸியாம் ஓரடி முன்னால் வந்தான். "ஆனா இப்படியே விடவும் கூடாது உம்மா. இன்னொருத்தன் வருவான். குறுக்கே அகலமா வெள்ளைப் பட்டை போட்டா மேலேயிருந்து வித்தியாசம் தெரியும். இந்த வழியில பறக்கிற எல்லாருக்கும் அறிவிப்புப் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கிறேன். அதுக்கு நான் வேலைக்குத் திரும்பணும்."

"திரும்புங்க மகன்," என்றார் லரீபா.

தயாபரன் கழன்ற தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். கீழேயிருந்து அப்பா ஆணியை ஒவ்வொன்றாக நீட்டினார். கடைசி ஆணியை அடித்து முடிக்கவும் பானைப் பள்ளத்துப் பக்கமிருந்து மழை இறங்கி வரவும் சரியாக இருந்தது. எல்லாரும் ஓடிப் பக்கத்துக் காம்பராக்களுக்குள் ஒதுங்கினார்கள். பாக்கியலெட்சுமி லரீபாவைத் தன் காம்பராவுக்குள் கூட்டிப்போய் இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மழை தகரத்தில் இறங்கியது. கூரை முழுவதும் அதிர்ந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் கேட்காத சத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

லரீபா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். எந்தச் சுவருக்கு அப்பாலும் யாருக்கும் கேட்காது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் ஏந்தினார். மகனுடைய பெயரைச் சொல்லி, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் திறந்து, வாய்விட்டு அழுதார்.

வாசலில் நின்ற தயாபரன் யாரும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வெளியில் நின்றான்.